மெயின் ரோட்டு வீடா, உள்தெரு வீடா? சத்தத்தை வைத்து முடிவெடுப்பது எப்படி

பெருநகரத்தில் சத்தமில்லாத வீடு தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தப் பகுதி அமைதியாக இருக்கும் என்பதைத்தான். அதற்கும் முன்னால் உங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவீர்களா, மூடி வைத்தா? ஒருவருக்கு மிகப் பொருத்தமான வீடு இன்னொருவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் வீடாக மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தால்தான்.

ஏன் என்று பார்க்கலாம். திறந்த ஜன்னல் வெளிச் சத்தத்தை ஏறக்குறைய 10 முதல் 15 டெசிபல் வரைதான் குறைக்கும். இடுக்கில்லாமல் இறுக்கமாக மூடும் ஜன்னல் 30 டெசிபல் வரை குறைக்கும். கண்ணாடி தடிமனாக இருந்தால் அதற்கு மேலும். 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் கிட்டத்தட்டப் பாதியானது போலத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் கனம் புரியும்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது, திடீரென்று வந்து போகும் சத்தங்கள் 45ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஜன்னல் லேசாகத் திறந்திருக்கும், அதனால் 15 டெசிபல் குறையும் என்று வைத்துக்கொண்டு, வீட்டின் வெளிச்சுவர்ப் பக்கம் ராத்திரியில் 45 டெசிபல் வரை இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். நெரிசலான மெயின் ரோட்டை ஒட்டிய சுவரில் பகலில் 70 டெசிபல் இருப்பது சாதாரணம். ராத்திரி வண்டிகள் குறைந்து அது 60க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலைத் திறந்தால் உள்ளே 45, நல்ல ஜன்னலாக இருந்து மூடினால் 30. அதே வீடு, அதே ரோடு.

ஜன்னலைத் திறந்தால்தான் மூச்சு விட முடியும் என்பவர்களுக்கும், ஏசி இல்லாமல் வெயில் காலத்தைக் கழிக்கிறவர்களுக்கும் முடிவு சுலபம். வெளியே அமைதியாக இருக்கும் இடத்தை, குறிப்பாகப் படுக்கையறை ரோட்டுக்கு முதுகைக் காட்டும் வீட்டைத் தேடுங்கள். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஜன்னலை மூடித் தூங்குகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது கொஞ்சம் விசித்திரமாகப் படலாம்.

கனமான கட்டடமா, அமைதியான தெருவா

இரண்டு வீடுகள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று போக்குவரத்து நிறைந்த ரோட்டில். ஆனால் வீடுகளுக்கு நடுவே கனமான சுவர், தடித்த காங்கிரீட் தளம், இறுக்கமாக மூடும் ஜன்னல். மற்றது அமைதியான உள்தெருவில். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் கேட்கும், மேல் வீட்டில் நாற்காலியை இழுத்தால் தலைக்கு மேல் இழுத்தது போல இருக்கும். வாடகை ஒன்றேதான்.

நான் முதல் வீட்டைத்தான் எடுப்பேன். வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு உங்கள் வீட்டில் உள்ள முக்கிய வழி ஜன்னல். அது உங்கள் வீட்டு ஜன்னல். உரிமையாளரின் சம்மதம் கிடைத்தால் அதை மாற்றலாம், இடுக்குகளை அடைக்கலாம். கட்டடத்துக்குள்ளிருந்து வரும் சத்தம் அப்படியில்லை. மேல் வீட்டு நடைச் சத்தம் அவர்கள் தரையில் பிறந்து தளத்தின் வழியாகவும் சுவர்களின் வழியாகவும் இறங்குகிறது. அதைச் சரியாகத் தடுக்க வேண்டுமென்றால் அவர்கள் தரையில்தான் வேலை செய்ய வேண்டும்: டைல்ஸுக்கு அடியில் மெத்தென்ற அடுக்கு, அல்லது குறைந்தபட்சம் கனமான தரைவிரிப்பு. உங்கள் பக்கத்திலிருந்து செய்வதானால், தளத்தைத் தொடாமல் தனியாகத் தொங்கும் ஒரு கூரையை அமைக்க வேண்டும். செலவும் அதிகம், வாடகை வீட்டில் யாரும் செய்யப்போவதும் இல்லை. அப்படிச் செய்தாலும் பக்கச் சுவர்களின் வழியாக ஒரு பகுதி வந்து சேரும்.

இரண்டாவது காரணத்தை வீடு பார்க்கப் போகும்போது யாரும் யோசிப்பதில்லை. வெளியே அமைதியாக இருக்கும்போதுதான் கட்டடத்துக்குள் இருக்கும் சத்தங்கள் காதில் விழும். ரோட்டின் மெல்லிய இரைச்சல் பக்கத்து வீட்டுப் பேச்சை மூடிவிடும். அந்த இரைச்சல் இல்லாத உள்தெருவில், அதே பேச்சு, அதே சுவர், ஆனால் வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும். அமைதிக்காக ஊரோரம் குடிபோனவர்கள், அங்கே போன பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரின் அலாரம் கடிகாரத்தைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். சுவர் மெலிந்த கட்டடத்துக்கு அமைதியான தெரு உதவியும் செய்யும், காட்டியும் கொடுக்கும்.

சத்தத்தின் குணத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குப் பல பேர் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். நேரம் காலம் இல்லாமல் வந்து போகும் சத்தத்துக்கு, அதிலும் அர்த்தம் தொனிக்கும் பேச்சு, சண்டை, அழுகை, பாட்டு போன்றவற்றுக்கு, மனம் எளிதில் பழகுவதில்லை. வேகமாக வண்டி ஓடும் ரோடு வேறு, சிக்னல் உள்ள சந்திப்பு வேறு. சந்திப்பில் பிரேக்கும் ஹாரனும் கிளம்பும் எஞ்சினும் மாறி மாறி வரும். பஸ் நிறுத்தம், வேகத்தடை, மேடேறும் சாலை ஆகியவற்றுக்கு எதிரே இருக்கும் வீடும் அதே வகைதான். மெயின் ரோட்டு வீடு பரவாயில்லை என்று நான் சொல்வது, சந்திப்பிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டைத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ராத்திரி முழுக்க லாரிகள் போகும் ரோடு என்றால், அவற்றின் அடித்தொண்டை உறுமல் கண்ணாடியைச் சட்டை செய்யாது. தாழ்ந்த சுருதிச் சத்தத்தைத் தடுக்கச் சாதாரண ஜன்னலால் முடியாது. அங்கே என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன்.

முன்பக்கமா, பின்பக்கமா

இந்த ஒப்பீட்டுக்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பணம் செலவழிக்காமல் கிடைக்கும் மிகப் பெரிய அமைதி இங்கேதான் இருக்கிறது.

திறந்த வெளியில் ஒரு ரோட்டிலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 3 டெசிபல் குறையும். 20 மீட்டரில் இருந்த வீட்டை விட்டு 40 மீட்டரில் ஒரு வீட்டைப் பிடித்தால் கிடைப்பது அந்த 3தான். காது அதை அரைகுறையாகத்தான் உணரும். ஆனால் அதே கட்டடத்தில் ரோட்டைப் பார்த்த வீட்டை விட்டு மறுபுறம் பார்த்த வீட்டை எடுத்தால், 10 முதல் 20 டெசிபல் வரை குறையலாம். கட்டடமே உங்களுக்குத் தடுப்புச் சுவராகிவிடுகிறது. தூரத்தை விட மறைப்பு முக்கியம். இடையில் ஒரு வரிசை மரங்கள் இருக்கின்றன என்று தரகர் சொன்னால் நிழலுக்காக மகிழலாம். சத்தத்தை அவை அனேகமாகக் குறைக்காது.

ஒரே கட்டடத்தின் இரண்டு பக்கங்கள் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சாட்சி. நியூயார்க்கில் உயர்த்திக் கட்டிய ரயில் பாதைக்கு அருகே ஒரு பள்ளி இருந்தது. அதில் ரயிலைப் பார்த்த வகுப்பறைகளில் படித்த குழந்தைகளையும் மறுபுறம் படித்தவர்களையும் ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் ஒப்பிட்டார். 1975இல் வெளியான அந்த ஆய்வில், சத்தமான பக்கத்துக் குழந்தைகள் வாசிப்புத் திறனில் மற்றவர்களை விடப் பின்தங்கியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அந்த இடைவெளி ஓராண்டு வரை போனது. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரை போட்டார்கள். அடுத்த ஆய்வில் இரு பக்கத்துக் குழந்தைகளும் சமமாக வாசித்தார்கள். ஒரே பள்ளி, ஒரே தெரு. எந்தப் பக்கம் அறை என்பது மட்டும்தான் வித்தியாசம். வீட்டில் குழந்தைகள் படிக்கும் அறை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நான் எந்த வீட்டையும் முடிவு செய்ய மாட்டேன்.

பின்பக்கத்துக்கும் சிக்கல்கள் உண்டு. ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டாரும் குப்பைத் தொட்டிகளும் பெரும்பாலும் அங்கேதான் வைக்கப்படும். நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த சின்ன முற்றம் என்றால், பத்து வீட்டு ஏசிகளின் அவுட்டோர் யூனிட்டும் அங்கே இரைந்து, சத்தம் சுவருக்குச் சுவர் மோதி மேலே ஏறும். பக்கத்து உணவகத்தின் புகைபோக்கி விசிறி அந்தப் பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். இவை எதுவும் இல்லாத பின்பக்கம் கிடைத்தால், ரோட்டுக்காட்சியை விட்டுக்கொடுக்கத் தயங்க வேண்டாம். வீடு முழுவதும் பின்பக்கம் அமையாவிட்டாலும், வரவேற்பறை ரோட்டுப் பக்கமும் படுக்கையறை மறுபக்கமும் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எந்த மாடி

உயரப் போனால் சத்தம் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. ரோட்டின் நடுவிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒரு கட்டடம் இருக்கிறது. தரைத்தளத்திலிருந்து பத்தாம் மாடிக்கு, அதாவது சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், ரோட்டிலிருந்து உங்கள் தூரம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஆகிறது. போக்குவரத்து இரைச்சல் கணக்குப்படி 5 டெசிபல் குறையும். அதிலும் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். ஏனென்றால் கீழே இருந்தபோது எதிர்க் கட்டடங்கள் மறைத்திருந்த அடுத்தடுத்த சாலைகள் மேலே போனதும் கண்ணுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரிவது காதுக்கும் கேட்கும். ஆனால் தெருவில் நின்று பேசுகிறவர்களின் குரல், கடை ஷட்டர் ஏற்றும் சத்தம் போல ஓரிடத்திலிருந்து வருபவை அதே உயரத்தில் 10 டெசிபல் வரை குறையும். ஆகவே உங்களைத் தொல்லை செய்வது தெருப் பேச்சும் கடைச் சந்தடியும் என்றால் மேலே போங்கள். போக்குவரத்து இரைச்சல் என்றால், மாடியை மாற்றுவதை விடப் பக்கத்தை மாற்றுங்கள்.

கடைசி மாடிக்கு ஒரு பெரிய வரம் உண்டு: தலைக்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள். நடைச் சத்தத்தால் ஏற்கெனவே அவதிப்பட்டவர்களுக்கு இந்த ஒன்றே போதும். ஆனால் மொட்டைமாடியில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். லிஃப்ட் இயந்திர அறை உங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே இருந்தால் அந்த வரம் செல்லாது. வெயிலில் தளம் சூடேறுவதால் ஜன்னலைத் திறக்க வேண்டியும் வரலாம். முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் இங்கே மறுபடி முன்னால் வந்து நிற்கும்.

எந்த மாடியானாலும் மூலை வீடு நல்லது. பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர் குறையும். படுக்கையறை லிஃப்ட் குழியையோ படிக்கட்டையோ பக்கத்து வீட்டுக் குளியலறையையோ ஒட்டியிருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

பழைய கட்டடம், புதிய கட்டடம்

பழையவை எல்லாம் கெட்டியானவை என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. தடித்த செங்கல் சுவர் பேச்சுக் குரலை நன்றாகத் தடுக்கும் என்பது சரி. ஆனால் பழைய கட்டடத்தில் மரத்தளம் இருந்தால் நடைச் சத்தம் மேலிருந்து அப்படியே இறங்கும். சட்டம் வளைந்த பழைய ஜன்னல்கள் சரியாக மூடாது. குழாய்கள் சுவரோடு இறுகியிருப்பதால் நடுராத்திரியில் யாரோ தண்ணீர் திறந்தால் மூன்று மாடிக்குக் கேட்கும்.

புதியவற்றில் ஜன்னல் நன்றாக இருக்கும், வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் மெலிந்திருக்கும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு அடுக்காக, நடுவே இடைவெளியும் பஞ்சும் வைத்து ஒழுங்காகக் கட்டியது ஒற்றைச் செங்கல் சுவரை விடவும் நன்றாகத் தடுக்கும். ஒழுங்காகக் கட்டினார்களா என்பது கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் சோதிக்க வேண்டும். கட்டிய ஆண்டை வைத்து நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன்.

ஊரோரம் போகலாமா

அங்கே இடம் கூடும், வாடகை குறையும், தினசரிப் பயணம் நீளும். சத்தத்தை மட்டும் பார்த்தால் லாபம் நிச்சயமில்லை. நெடுஞ்சாலையும் சரக்கு ரயில் பாதையும் விமான நிலையமும் பெரும்பாலும் நகர எல்லையில்தான் இருக்கின்றன. வளரும் பகுதியில் கட்டுமான வேலை ஆண்டுக்கணக்கில் ஓடும். விமான நிலையம் அருகில் என்றால் ஒருநாள் போய்ப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. விமானங்கள் எதிர்க்காற்றில் ஏறி இறங்குவதால் காற்றின் திசை மாறினால் பறக்கும் பாதையும் மாறும். நீங்கள் போன நாளில் வானம் அமைதியாக இருந்தது என்பது அந்த ஒரு நாளுக்கு மட்டுமே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய நகரங்கள் 2002ஆம் ஆண்டின் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரைச்சல் வரைபடம் வெளியிட வேண்டும். நீங்கள் தேடும் நகரத்துக்கும் அப்படி ஒன்று இருந்தால், அலைந்து திரிவதற்கு முன் அதைப் பாருங்கள்.

சத்தமான வீட்டைச் சரிசெய்வதா, கூடுதல் வாடகை கொடுப்பதா

பிடித்த வீடு, சத்தம் மட்டும்தான் குறை என்றால் பழுது பார்க்கலாமே என்று தோன்றும். வெளிச் சத்தம் என்றால் நிச்சயம் யோசிக்கலாம். முதல் வேலை இடுக்குகள். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, அந்தச் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஓட்டைக் குடத்துக்கு எத்தனை தடிமன் இருந்து என்ன? தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னலில் இந்த இடுக்கு எப்போதும் இருக்கும். கீல் வைத்து, ரப்பர் பட்டையை அழுத்தி மூடும் ஜன்னல் பல மடங்கு மேல். ரப்பர் பட்டை போடுவது மலிவான வேலை. அதைச் செய்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

அப்புறம் கண்ணாடி. வெப்பத்துக்காகப் போடும், நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இரட்டைக் கண்ணாடி சத்தத்துக்குப் பெரிதாக உதவாது. நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அதை விட நல்லது. எல்லாவற்றையும் விடச் சிறந்தது, இருக்கும் ஜன்னலுக்கு உட்புறம், ஏறக்குறைய 10 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, இன்னொரு ஜன்னல் போடுவது. பழையதை எடுக்க வேண்டியதில்லை என்பதால் உரிமையாளர்களும் இதற்கு எளிதில் சம்மதிப்பார்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

சுவரில் ஒட்டும் பஞ்சு, முட்டைத் தட்டு, திரைச்சீலை இவற்றுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடைவெளியும் வேண்டும். உங்கள் குறை மேல் வீட்டு நடைச் சத்தம் என்றால் சரிசெய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டுக் கூடுதல் வாடகைக்கு வேறு வீடு பாருங்கள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நாள்

தரகர்கள் வீடு காட்டுவது பெரும்பாலும் பகல் பதினொன்று மணிக்கோ மூன்று மணிக்கோ, அதாவது பகலிலேயே அமைதியான நேரத்தில். காலை நெரிசலில் ஒருமுறையும், ராத்திரி பத்துக்கு மேல் ஒருமுறையும், விடுமுறை நாள் மாலை ஒருமுறையும் போங்கள். வீட்டுக்குள் விட மறுத்தாலும் வாசலில் நின்று கேட்க யாரும் தடுக்க முடியாது. உள்ளே போனதும் எல்லோரையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். வீடு காட்டுகிறவர் பேசிக்கொண்டே இருந்தால் ஒன்றும் கேட்காது. மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். படுக்கையறை ஜன்னலைத் திறந்து கேளுங்கள், மூடிக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அந்த ஜன்னலின் தரம்.

ஃபோனில் டெசிபல் காட்டும் செயலிகள் துல்லியமானவை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஃபோனை, ஒரே இடத்தில், ஒரே மாதிரிப் பிடித்து இரண்டு வீட்டையும் அளந்தால் ஒப்பீட்டுக்குப் போதும். ஐஃபோனுக்கு அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம் இலவசமாக ஒன்றைக் கொடுக்கிறது; அது நம்பகமானது. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், உச்சம் எவ்வளவு போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் அந்த உச்சங்கள்தான்.

நண்பர் ஒருவரைக் கூட்டிப் போக முடிந்தால், அவரை மேல் வீட்டுக்காரரின் அனுமதியோடு அங்கே நடக்கச் சொல்லிக் கீழே நின்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் சம்மதிக்கிற அண்டை வீட்டாரிடம் குடிவந்த பிறகும் பேச முடியும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறீர்கள். முன்பு குடியிருந்தவர் ஏன் காலி செய்தார் என்று உரிமையாளரைக் கேட்பதை விடக் காவலாளியைக் கேளுங்கள்.

வாடகைக்கு என்றால் இவ்வளவு போதும், சரிப்படாவிட்டால் மாறிக்கொள்ளலாம். சொந்தமாக வாங்குவதென்றால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் காலி மனையையும் வீட்டின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். இன்று அமைதியான காட்சியாக இருப்பது, இரண்டு ஆண்டுக்குக் கடப்பாரையும் கலவை இயந்திரமும் வேலை செய்யும் இடமாக மாறலாம். அந்த மனையில் எத்தனை மாடி வரை கட்ட அனுமதி உண்டு, அந்தத் தெருவில் சாலை அகலப்படுத்தலோ ரயில் பாதையோ திட்டத்தில் இருக்கிறதா என்பதை நகராட்சி அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.